அளவு போடாத மருந்து

போன மாதம் செம்பூரில் என் வீட்டுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். தாராவியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையை இப்போது பார்க்கிறவர்கள். ஒருத்தி போனை மேஜைமேல் வைத்து, நான் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். வேண்டாம், எழுதியே தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் நான் என் பெருமையை மட்டும்தான் சொல்வேன். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் வெட்கமும் வரும்.

"மருந்துக் கடை, கதை எழுதறது, பசங்க வகுப்பு, மூணையும் எப்படி ஆன்ட்டி பேலன்ஸ் பண்ணீங்க?" என்று கேட்டாள் இன்னொருத்தி.

நான் எதையும் பேலன்ஸ் செய்யவில்லை. மூன்றும் அதனதன் பாட்டுக்கு நடந்தன. ஒரே ஒரு தடவை மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அன்றைக்கு நாலு வயதுப் பிள்ளை ஒருவன் சாகக் கிடந்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

என் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி பம்பாய் வந்தேன். வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. சுனாபட்டியில் ஒற்றை அறை. அவர் காலையில் போனால் சாயங்காலம் வருவார். நடுவில் இருக்கிற பொழுதைச் சுவரைப் பார்த்தபடி கழிக்க என்னால் ஆகாது. தாராவி மெயின் ரோட்டில் காதர் பாய் வைத்திருந்த நாட்டு மருந்துக் கடைக்குச் சுக்கு வாங்கப் போனவள், அங்கே டப்பாக்களில் ஒட்டியிருந்த பெயர்கள் அழிந்துபோயிருப்பதைப் பார்த்து, "நான் எழுதித் தரட்டுமா?" என்று வாயைக் கொடுத்தேன். எழுதி முடிக்க நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். வீட்டுக்காரர், "சுக்கு வாங்கப் போனவ கடையவே வாங்கிட்டு வந்துட்டா" என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

தொழில் கற்ற கதையை நீட்ட வேண்டாம். இரண்டு வருஷம் இடித்தேன், சலித்தேன், தும்மினேன். திப்பிலிக்கும் வால்மிளகுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு நாள் முழித்தேன். மறுநாளிலிருந்து தெரிந்தது. அவ்வளவுதான்.

காதர் பாய்க்குக் கடையநல்லூர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வழக்கமாக என்னை "ஏம்மா கோமதி, வா, போ" என்பவர், நான் தப்புச் செய்த அன்றைக்கு, "அம்மா, நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்க" என்பார். அந்த "நீங்க"வைக் கேட்டால் தராசைக் கீழே வைத்துவிடுவேன்.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. கேட்டதை எடுத்துக் கொடுப்பது கிடையாது. முதலில் யாருக்கு என்று கேட்க வேண்டும். எத்தனை நாளாக இருக்கிறது, வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். பிறகுதான் தராசில் கை வைக்கலாம். பழுப்புக் காகிதத்தில் பொட்டலம் மடித்து, மேலே நீலப் பென்சிலால் நாலு வரி எழுத வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் பொட்டலம் கடை வாசலைத் தாண்டாது. வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் எழுத வேண்டும். நான் ஒருமுறை முணுமுணுத்தேன். "வாயால சொன்னது அந்தச் சிக்னல் வரைக்கும் வரும்மா, வீட்டுக்கு வராது" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்பதை ஆறுமுகம் என்கிறவர் நிரூபித்தார். தோல் கிடங்கில் வேலை செய்தவர். மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடி வாங்கிப் போனார். ஏழு நாளைக்கு உள்ளது. தினமும் ராத்திரி ஒரு சிட்டிகை என்று எழுதியும் கொடுத்தேன், படித்துப் படித்துச் சொல்லியும் அனுப்பினேன். மனுஷருக்கு ஏழு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஒரே மூச்சில் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டார். மறுநாள் முழுக்க அவர் பொதுக் கக்கூஸ் வரிசையிலேயே குடியிருந்தார். உள்ளே போவார், வெளியே வந்து மறுபடி வரிசையின் கடைசியில் நிற்பார். அப்புறம் வரிசையில் நின்றவர்களே பாவம் பார்த்து அவருக்கு வழி விட்டுவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, கன்னம் ஒட்டிப்போய் கடைக்கு வந்தார். "மருந்து நல்லா கேக்குது பாய்" என்றார்.

பாய் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல பொட்டலத்தப் படிக்க யாருமே இல்லையா?"

"எங்கள்ல யாரு பாய் படிச்சிருக்கா? மூத்தவ ஒருத்தி இருக்கா, ஏழு வயசு. சும்மாதான் திரியுதா."

அந்த மூத்தவள்தான் இசக்கி. என் முதல் மாணவி. கடையை மத்தியானம் இரண்டு மணிக்கு மூடி நாலு மணிக்குத் திறப்போம். அந்த இரண்டு மணி நேரம் ஊர்ச் சங்கத்தின் பின்னறையை எனக்கு விட்டார்கள். இசக்கியோடு ஆரம்பித்தது ஒரு வருஷத்துக்குள் பதினாலு பிள்ளைகளாயிற்று. எனக்கு அரிச்சுவடி கிடைக்கவில்லை. மெட்ராஸிலிருந்து வரவழைக்கவும் வழி தெரியவில்லை. பழைய பொட்டலக் காகிதங்களையே பாடமாக வைத்தேன். "காலை, மாலை, வெந்நீரில், மூன்று நாள்" என்று பிள்ளைகள் சேர்ந்து கத்துவது ரோடு வரைக்கும் கேட்கும். அங்கே முதன்முதலாகத் தமிழ் வாசிக்கக் கற்ற பிள்ளைகளுக்கு அம்மா, ஆடு, இலையெல்லாம் அப்புறம்தான் வந்தது.

சட்டம் அங்கேயும் ஒன்று போட்டேன். எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும். சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. காகிதத்தில் எப்படியோ வீட்டில் அப்படியே நடக்க வேண்டும். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறுமுகம் ஒரு நாள் வந்து, "இந்தப் புள்ள ஒரு சிட்டிகைக்கு மேல எடுக்க விடமாட்டேங்கா பாய், கையைப் புடிச்சிக்கிடுதா" என்று புகார் சொன்னார். நான் கர்வத்தில் மிதந்தேன்.

இதற்கு நடுவே கதை. மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பழுப்புக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன். ராத்திரி நல்ல தாளில் படி எடுத்து மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்புவேன். ஆசிரியர் கார்டில்தான் பதில் போடுவார், அதுவும் இரண்டே வரி. "கதை சரி. முடிவு சவசவ. மாற்றி அனுப்பவும்." சிலசமயம், "சுக்கு வாசனை அதிகம். மனித வாசனை குறைவு." கோபமாக வரும். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

பாய்க்குக் கதை என்றாலே ஆகாது. படித்ததும் இல்லை. "நடக்காததை எதுக்கும்மா எழுதணும்? நடக்கிறதையே நாம இன்னும் எழுதி முடிக்கல" என்பார்.

பத்திரிகை வியாழக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் கடைக்கு வந்துவிடும். என் கதை வந்த வாரம் இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்று எனக்கு, ஒன்று வகுப்புக்கு. வேறு புத்தகம் இல்லாததால் அதையே வாசிக்கக் கொடுத்தேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என் கதையைப் பிள்ளைகள் வாசித்துக் கேட்க எனக்கு ஆசை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை அந்தப் பத்திரிகையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சாயங்காலம் சந்தில் முறுக்குச் சுற்றும் பெண்கள் நடுவே உட்கார்ந்து அது கதையை வாசிக்கும். இசக்கியின் அம்மா சண்முகக்கனியும் அவர்களில் ஒருத்தி. இசக்கி வாசிக்கிற அழகே தனி. விரலை வரிக்குக் கீழே வைத்து, பொட்டலம் படிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பாள். என் கதாநாயகி ஒருத்தி கிணற்றில் விழுந்து செத்ததைக்கூட "காலை, மாலை, வெந்நீரில்" மாதிரிதான் வாசித்தாளாம். அதற்கும் பெண்கள் அழுதார்களாம். இதைக் கேட்டு நான் வாரம் முழுக்கச் சிரித்தேன்.

அப்போது இசக்கிக்கு ஒன்பது வயது. ஒரு கதைக்கு ஆசிரியர், "கடைசிக் காட்சி நெஞ்சைத் தொடவில்லை" என்று எழுதிவிட்டார். கதையில் ஒரு வைத்தியர் வீட்டு மருமகள். மாமனார் இல்லாத நேரத்தில், கொட்டும் மழையில், இளைப்பு வந்து மூச்சுத் திணறும் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும். நான் ஆடாதோடைக் கஷாயம் என்று எழுதியிருந்தேன். சரியான மருந்துதான். ஆனால் ஆடாதோடை என்று படித்தால் வாசகருக்கு இருமல் வருமே தவிர அழுகை வராது. யோசித்து யோசித்து, ஊமத்தை என்று மாற்றினேன். மழையில் நனைந்து நிற்கிற வெள்ளைப் பூ, விஷச் செடி, நடுங்கும் கை, இலையைக் கசக்கிப் பிழிந்து குழந்தை வாயில் விடுகிறாள், குழந்தை மூச்சு விடுகிறது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஊமத்தையை எங்கள் கடையில் விற்பதே இல்லை. யாராவது கேட்டால், "அது சிவன் தலையில இருக்கட்டும், நம்ம அடுப்படிக்கு வேண்டாம்" என்று பாய் அனுப்பிவிடுவார். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கதைதானே என்று நினைத்தேன். ஆசிரியர் கேட்டார் என்று அவர்மேல் பழியைப் போட இன்றைக்கும் எனக்கு நாக்கு ஊறுகிறது. ஆனால் அவர் நெஞ்சைத் தொடச் சொன்னார், விஷத்தைத் தொடச் சொல்லவில்லை.

கதை வந்து பத்து நாள் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. இசக்கி கடைக்கு ஓடி வந்தாள். செருப்பில்லை, மூச்சிரைத்தது.

"யக்கா, தம்பி என்னமோ பண்ணுதான். அம்மய அம்மயின்னு தெரியல அவனுக்கு. காத்துல எதயோ புடிச்சிப் புடிச்சி இழுக்கான்."

"என்ன குடுத்தீங்க?" என்று பாய் உள்ளேயிருந்து கேட்டார்.

இசக்கி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க எழுதியிருந்த மாதிரிதாங்க்கா குடுத்தோம். நான் ஒரு எழுத்துகூட விடாமத்தான் படிச்சேன்."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பொட்டலம்?" என்றார்.

"பொட்டலம் இல்ல பாய். என் கதை. ஊமத்தை இலை" என்றேன்.

அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே இறங்கினார். ஓடும்போதே இசக்கியிடம் கேட்டார். எப்போது கொடுத்தது? காலையில், ஒன்பது மணி சங்கு ஊதினதும். எவ்வளவு? பால் புகட்டுகிற பாலாடையில் ஒன்று. முழுவதும் உள்ளே போயிற்றா? கசந்தது என்று பாதியைத் துப்பிவிட்டான். துப்பினான் என்றதும் பாய் "அல்லா" என்று ஒரு மூச்சு விட்டார்.

இசக்கியின் நாலு வயதுத் தம்பி சுடலை, அம்மாவின் மடியில் கிடந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. தொட்டால் அனல். உதடு வறண்டு, கை இரண்டும் காற்றில் ஏதோ நூலைப் பிரிக்கிற மாதிரி அலைந்தன. பாய் அவனைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். கறுப்பு விழி கண் முழுக்க விரிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை.

"இதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது. டாக்ஸியக் கூப்பிடு" என்றார்.

எங்களை ஏற்றிவிட்டு பாய் திறந்துகிடந்த கடைக்குத் திரும்பினார். டாக்ஸியில் சண்முகக்கனி என் தோளில் சாய்ந்து அழுதாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "கடையில பொட்டலத்துல தாறது எல்லாருக்கும் குடுக்கிற மருந்து. பத்திரிகையில போட்டா அது பெரிய மருந்தாத்தான இருக்கும்? நீங்க அத நமக்குன்னு எழுதியிருக்கியன்னு நெனச்சேன். ராத்திரி பூரா இவனுக்கு இளைப்பு. குப்பமேட்டுல ஊமத்த கெடந்துச்சி, பறிச்சிட்டு வந்தேன். எவ்வளவுன்னுதான் நீங்க போடல" என்றாள்.

நீலப் பென்சிலால் நாலு வரி எழுதாமல் ஒரு பொட்டலத்தை வெளியே விடாதவள், அத்தனை ஊருக்கும் அளவு போடாமல் விஷத்தை அனுப்பியிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது மராட்டி டாக்டர். "க்யா கிலாயா?" என்று கேட்டார், என்ன கொடுத்தீர்கள் என்று. சண்முகக்கனிக்குப் போலீஸ் பயம் பிடித்துக்கொண்டது. "குச் நஹி சாப், குச் நஹி" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்றுமே கொடுக்கவில்லையாம். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். பிள்ளை மேஜைமேல் துள்ளிக்கொண்டிருந்தான்.

நான் முன்னால் போனேன். "தத்தூரா" என்று ஊமத்தைக்கு ஹிந்திப் பெயரைச் சொன்னேன். "இலைச் சாறு. காலை ஒன்பது மணிக்கு. அரைப் பாலாடை."

"கிஸ்னே போலா?" யார் கொடுக்கச் சொன்னது?

"மைனே." நான்தான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் வைத்தியரா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"இல்லை. கதை எழுதுகிறவள்" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் அந்தப் பதிலைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒருத்தரும் கை தட்டவில்லை. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார், குழாயைக் கொண்டுவந்தார்கள், திரையை இழுத்துவிட்டார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். இசக்கி உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் சுடலை அம்மாவை அடையாளம் கண்டுகொண்டான். முறுக்கு வேண்டும் என்றான். அதைக் கேட்டு நானும் சண்முகக்கனியும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுத அழுகையில் வார்டுச் சிப்பந்தி வந்து எங்களை விரட்டினான்.

கடைக்குத் திரும்பியபோது பாய் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தார். என் கதையை முதன்முதலாகப் படித்துக்கொண்டிருந்தார், நின்றபடியே. கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார். நான் அந்த "நீங்க" வரும் என்று காத்திருந்தேன்.

"நல்லா எழுதியிருக்க. அதாம்மா கஷ்டம்" என்றார்.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "பொட்டலத்துல அளவு போடாமக் குடுத்திருந்தா உன்ன அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அன்றைக்கே ஆசிரியருக்கு எழுதினேன்: கதையில் வரும் மருந்து தவறு, விஷம், தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். கார்டு வந்தது. "கதைக்குத் திருத்தம் போடும் வழக்கம் இல்லை. கதை கதைதான் என்று வாசகர்களுக்குத் தெரியும். அடுத்ததை அனுப்பவும்." நான் மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

வகுப்பில் பதினாலு பேர் ஐந்தாகிவிட்டார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன். இசக்கி மட்டும் தவறாமல் வந்தாள். வந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காகிதத்தை நீட்டினால் வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவாள். மிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கென்றே குரங்குக் கதை ஒன்று எழுதிக் கொடுத்தேன். மற்ற நாலு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவள் ஜன்னலைப் பார்த்தாள்.

சண்முகக்கனி ஒரு நாள் கடைக்கு வந்து சொன்னாள். "தம்பிக்குக் குடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டக்கூடப் படிக்க மாட்டேங்கா. நான் வாசிச்சாத்தான் தம்பிக்கு இப்படி ஆவுதுங்கா. ராத்திரி தூக்கத்துலயும் அதயே சொல்லுதா. நீங்கதான் படிக்கவச்சிய, நீங்களே இத என்னன்னு கேளுங்க."

பிள்ளை பிழைத்துவிட்டான், எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் இன்னொரு பிள்ளையை நான் இன்னும் ஆஸ்பத்திரி சுவரோரம் நிற்க வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். "இசக்கி, நீ சரியாத்தான் படிச்ச. தப்பா எழுதினது நான்" என்றேன்.

கவிழ்த்து வைத்த காகிதத்தின் ஓரத்தை மடித்தாள். பிறகு, "எழுதியிருந்தா எப்படிக்கா தப்பாவும்? எழுதியிருக்கிறபடியே செய்யணும்னு நீங்கதான சொன்னிய" என்றாள்.

"சொன்னேன். அதுவும் தப்பு. எழுதுறது மனுஷங்கதான். மனுஷங்க தப்பாவும் எழுதுவாங்க, அழகுக்காகப் பொய்யும் எழுதுவாங்க. நான் அழகுக்காக எழுதினேன்."

பத்திரிகையைப் பிரித்து, அந்த இடத்தைக் காட்டி, நீலப் பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். அடி என்றேன். பயந்து பயந்து ஒரு கோடு போட்டாள். பிறகு இன்னொன்று. பிறகு அந்தப் பத்தி முழுவதையும் தாள் கிழியும்வரை கிறுக்கித் தள்ளினாள். முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள். "இது நம்ம புத்தகம். மத்த ஊர்ல உள்ள புத்தகத்துல யாரு அக்கா அடிப்பா?"

ஆசிரியர் மறுத்துவிட்டதைச் சொன்னேன். "அப்ப ஒரு கார்டு தாங்க" என்றாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியுமே தவிர, எழுதிப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்தையும் பொட்டலக் காகிதங்களில் தேடிப் பார்த்து எழுதினாள். இரண்டு மத்தியானம் ஆயிற்று. நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. எழுதினதை வாசித்துக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தபால் பெட்டியில் போடுமுன் நானாகத்தான் படித்தேன்.

"ஐயா, உங்க புத்தகத்துல வந்த கதையில ஊமத்தை இலை குடுக்கச் சொல்லியிருக்கு. என் தம்பிக்குக் குடுத்தோம். அவனுக்கு அம்மாவைத் தெரியல. ஆஸ்பத்திரியில குழாய் விட்டாங்க. யாரும் குடுக்காதீங்க. கோமதி அக்காவுக்குக் கதைதான் தெரியும். மருந்து காதர் பாய்க்குத்தான் தெரியும். இசக்கி, காதர் பாய் கடை, தாராவி, பம்பாய்."

பாயிடம் காட்டினேன். அவர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "உன்னவிட நல்லா எழுதுதா" என்றார்.

மூன்று வாரம் கழித்து, வாசகர் கடிதப் பகுதியில், முதல் கடிதமாக, கட்டம் கட்டி, ஒரு எழுத்து மாற்றாமல் ஆசிரியர் அதைப் போட்டிருந்தார். எனக்கு மறுத்ததை அவளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு இசக்கியிடம் ஓடினேன். தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். வாசிக்கவில்லை.

போகட்டும், இனிமேல் வற்புறுத்த வேண்டாம் என்று நானும் பாயும் முடிவு செய்தோம். சரியாகச் சொன்னால் பாய் முடிவு செய்தார், நான் அழுதேன்.

அதற்கு அடுத்த வாரம் கடை விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. "இசக்கி" என்று மட்டும் பெயர். வேலூர்ப் பக்கத்து ஏதோ ஓர் ஊர் முத்திரை. கோணல்மாணலான எழுத்து. பாய், "அது அவ கடுதாசி. நீ படிக்கக் கூடாது" என்று என் கையிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார். மத்தியானம் கடையைப் பூட்டியதும் இரண்டு பேரும் ஆறுமுகம் வீட்டுக்குப் போனோம்.

சண்முகக்கனி அடுப்பில் முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். சுடலை வாசலில் ஒரு பூனையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் கார்டை இசக்கியிடம் நீட்டினேன்.

"யாரு அக்கா எழுதியிருக்கா?"

"எனக்குத் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் படிக்கல."

"கதையா?"

"தெரியாதுட்டி. படிச்சாத்தான தெரியும்."

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்து, விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"இசக்கிக்கு. எங்க அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவங்க சொல்ல நான் எழுதறேன். எங்க வீட்டுல சின்னவனுக்கும் இளைப்புதான். கதையை நான்தான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா அந்த இலையைப் பறிச்சு, அடுத்த தடவை வந்தா குடுக்கலாம்னு காய வச்சிருந்தாங்க. உன் லெட்டரையும் நான்தான் படிச்சேன். எல்லாத்தையும் வாரி வெளியில கொட்டிட்டோம். உன் தம்பி எப்படி இருக்கான்னு அம்மா கேக்கறாங்க."

அதே குரல்தான், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பாய் வாசலுக்குப் போய், பூனையைப் பார்க்கிற மாதிரி முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எண்ணெயில் முறுக்கு கருகிக்கொண்டிருந்தது. சண்முகக்கனி அதைக் கவனிக்கவில்லை.

"இன்னொரு தடவ படிட்டி" என்றாள்.

இசக்கி விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனாள்.